பின்பையில் உட்கார்ந்திருக்கும் முதுகுவலி

செந்தூலில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் அண்ணன்மார் முதுகுவலி என்று வந்தால், கைரோபிராக்டரான நான் முதலில் கேட்பது: "அண்ணே, பணப்பையை எங்கே வைக்கிறீங்க?" காற்சட்டையின் பின்பையிலிருந்து ஒரு மூட்டை வெளியே வரும். மைகார்டு, டச் அண்ட் கோ அட்டை, மங்கிப்போன ரசீதுகள், முருகன் படம். இதன்மேல் உட்கார்ந்து ஜாலான் ஈப்போ நெரிசலில் மணிக்கணக்காக ஓட்டினால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்; காலுக்கு இறங்கும் நரம்பும் நசுங்கலாம். பையை முன்பக்கம் மாற்றுங்கள். சின்னத் துவாலையைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

கம்யூட்டர் ரயிலில் கைப்பேசியைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனியக் கழுத்துக்குச் சுமை கூடும். அரிசி மூட்டையை முழங்கால் மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள்.

எந்த நாற்காலியும் நடைக்கு ஈடாகாது என்பதே என் உறுதியான எண்ணம். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்திலேயே தித்திவங்சா ஏரி இருக்கிறது. பசியாறும் முன் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரி.

முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, கால் வலுவிழந்தாலோ என்னிடம் வராதீர்கள். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.