அயல் கலத்துக்கு ஒரு தூது

உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனம் என்னும் பாடத்தைத் தொடங்கினால் மாணவிகள் நேரே பிறபொருளெதிரிக்குப் போய்விடுவார்கள். பரீட்சையில் அதுதான் வரும் என்பது அவர்களது கணக்கு. நான் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி சென்ற தவணை வேறொன்று கேட்டாள்: "டீச்சர், புதிய வைரசுக்குப் பிறபொருளெதிரி உருவாகப் பல நாள் செல்லும் என்கிறீர்கள். வைரசு ஒரு நாளைக்குள்ளேயே பல மடங்கு பெருகிவிடுமே. அந்த நாட்களில் எங்களைப் பாதுகாப்பது எது?" வகுப்பில் சொன்ன பதிலைச் சற்று விரித்து எமது சஞ்சிகையின் வாசகிகளுக்கும் தருகிறேன்.

பதிலின் பெயர் இன்டர்பெரோன். சவளக்கடையில் இருப்பவர்களுக்கு இதை வயலைக் கொண்டே விளக்கலாம். அறக்கொட்டியான் விழுந்த வயலை முழுதாகக் காப்பாற்றுவது கடினம். ஆனால், அந்த வயற்காரர் வரம்பில் நின்று அயல் வயற்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால், மற்றவர்கள் தங்கள் பயிரைப் பார்த்து ஆயத்தமாகிவிடுவார்கள். வைரசு புகுந்த கலமும் இதைத்தான் செய்கிறது. தான் பிழைப்பது நிச்சயமில்லை. ஆயினும் சிறிய புரதமொன்றைச் சுரந்து வெளியே விடுகிறது. அது அயற்கலங்களை அடைந்து, வைரசு வந்துவிட்டதை அறிவிக்கிறது.

1954ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த நாகானோவும் கொஜிமாவும் முயல்களில் செய்த ஆய்வில் வைரசைத் தடுக்கும் ஏதோவொரு பொருள் இருப்பதைக் கண்டார்கள். 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜோன் லிண்டன்மான் என்னும் இருவர் கோழி முட்டையின் கருச்சவ்வுத் துண்டுகளை, வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசுடன் வைத்தார்கள். பின்னர் அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வுத் துண்டுகளில் இட்டார்கள். அவற்றில் உயிருள்ள வைரசு வளர முடியவில்லை. வைரசின் வளர்ச்சியில் குறுக்கிடும் பொருள் என்ற கருத்தில் அதற்கு இன்டர்பெரோன் என்று பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இன்டர்பெரோன் கலத்தின் வெளிப்புறத்திலுள்ள வாங்கியில் வந்து பொருந்துகிறது. தொழிற்படவேண்டிய பரம்பரையலகுகளோ உள்ளே, கருவினுள் இருக்கின்றன. வாசலில் சொன்ன செய்தியை உள்ளறைக்குக் கொண்டு செல்வது யார்? முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு முழுமையான விடை கிடைக்கவில்லை.

விடை தேடியவர்களில் ஒருவர் சான்ட்ரா பெல்லெகிரினி. லண்டனில் ஜோர்ஜ் ஸ்டார்க், இயன் கெர் ஆகியோருடன் பணியாற்றிய மூலக்கூற்று உயிரியலாளர். 1989இல் வெளியான அவர்களது ஆய்வுமுறையை மாணவிகள் ஊன்றிப் படிக்கவேண்டும். மனிதக் கலங்களுக்குள் அவர்கள் ஒரு பரம்பரையலகைப் புகுத்தினார்கள். இன்டர்பெரோனின் செய்தி கருவை எட்டினால் மட்டுமே அது தொழிற்படும். அது தொழிற்பட்டால், வளர்ப்பூடகத்திலுள்ள ஒரு மருந்து அந்தக் கலத்துக்கு நஞ்சாகிவிடும். அதாவது, செய்தி கிடைத்த கலம் இறக்கும். கிடைக்காத கலம் பிழைக்கும். கலங்களில் விகாரங்களை ஏற்படுத்திய பின்னர் இன்டர்பெரோனையும் மருந்தையும் சேர்த்து இட்டார்கள். பெரும்பாலானவை மடிந்தன. எஞ்சிய சிலவற்றில்தான் செய்தி செல்லும் வழி எங்கோ அறுந்திருந்தது. எந்த உறுப்பு இல்லாததால் வழி அறுந்தது என்று தேடினால், இயல்பான கலத்தில் அந்த வேலையைச் செய்வது எதுவென்று தெரிந்துவிடும்.

அப்படித் தேடியதில், 1992இல் லோரா வெலாஸ்கெஸ், பெல்லெகிரினி முதலானோர் டைக்-2 என்னும் நொதியத்தை இனங்கண்டார்கள். அதே காலத்தில் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டார்னெலின் குழுவினர் ஸ்டாட்-1, ஸ்டாட்-2 என்னும் தூதுப் புரதங்களைக் கண்டறிந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் பாதை தெளிவாகிறது. இன்டர்பெரோன் வாங்கியில் பொருந்தியதும் அதன் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் டைக்-2, ஜாக்-1 ஆகிய இரு நொதியங்களும் விழிக்கின்றன. அவை ஸ்டாட் புரதங்களில் பொசுபேற்றுக் கூட்டத்தை இணைக்கின்றன. அவ்வாறு முத்திரை பெற்ற ஸ்டாட்-1உம் ஸ்டாட்-2உம் சோடியாகி, இன்னொரு புரதத்தையும் சேர்த்துக்கொண்டு கருவுக்குள் சென்று டி.என்.ஏ.யில் உரிய இடத்தில் அமர்கின்றன. நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் தொழிற்படத் தொடங்குகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்களுள் சில வைரசின் ஆர்.என்.ஏ.யை வெட்டுகின்றன; சில கலத்தில் புரதத் தொகுப்பையே நிறுத்திவைக்கின்றன. மாணவி கேட்ட அந்த நாட்களுக்கான முதற்காவல் இதுதான்.

எமது கரையோரத்தவருக்கு இது வெறும் ஏட்டுப் பாடமல்ல. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் டெங்கு இங்கே தலைகாட்டுகிறது. 2017இல் மட்டும் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். நானூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். டெங்கு வைரசு இந்தத் தூதுப் பாதையை நன்கு அறிந்த திருடன். அதன் என்.எஸ்.5 என்னும் புரதம் ஸ்டாட்-2ஐப் பற்றிப்பிடித்து அழித்துவிடச் செய்கிறது என்பதை 2009இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வாங்கியில் செய்தி வந்து நின்றாலும் அதை உள்ளே கொண்டுபோகும் ஆள் இல்லை. எலியின் ஸ்டாட்-2ஐ என்.எஸ்.5 பற்றமுடியாது. சாதாரண எலிகளில் டெங்கு நன்கு பெருகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் நாட்டிலும் இத்துறையில் முன்னிற்பவர் ஒரு பெண். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மலவிகேயும் அவரது குழுவினரும் இலங்கை டெங்கு நோயாளர்களின் குருதியை ஆராய்ந்தார்கள். இன்டர்லியூக்கின்-10 என்னும் செய்திப் புரதம் கூடியிருப்பது, டெங்குவை எதிர்க்கும் ரீ கலங்களின் துலங்கல் குறைந்திருப்பதோடு தொடர்புபட்டிருந்ததை அவர்கள் காட்டினார்கள். இன்டர்லியூக்கின்-10 "எதிர்ப்பைத் தணியுங்கள்" என்று சொல்லும் செய்தி. அதுவும் டைக்-2, ஜாக்-1 வழியாகவே கலத்தினுள் செல்கிறது. ஆகவே, ஒரே வாசற்காவலர்கள் "எழும்பு" என்ற செய்தியையும் "அமர்ந்திரு" என்ற செய்தியையும் கடத்துகிறார்கள். எது, எப்போது, எவ்வளவு வருகிறது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது.

செய்தி குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. 2020இல் கடுமையான கோவிட் நோயாளர் 987 பேரைப் பரிசோதித்தபோது, 101 பேரின் குருதியில் தம் சொந்த இன்டர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் இருந்தன. மறுபுறம், லூபஸ் நோயாளர் பலரில் வைரசு எதுவும் இல்லாமலே இன்டர்பெரோன் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்நோயாளர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள். இன்டர்பெரோனின் வாங்கியை அடைக்கும் அனிபுரோலுமாப் என்ற மருந்து லூபஸுக்காக 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாதையைக் கண்டுபிடித்ததால்தான் அதற்குக் கதவும் போட முடிந்தது.

இந்தப் பாடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டியதும் உண்டு. காய்ச்சலிலும் உடல்வலியிலும் களைப்பிலும் இன்டர்பெரோனுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதை மருந்தாக ஊசிமூலம் பெற்றவர்களுக்கும் இவை வருவது வழக்கம். எனவே காய்ச்சல் உடலின் போராட்டத்துக்கு ஓர் அடையாளம். ஆனால், டெங்குவில் காய்ச்சல் இறங்குவதைச் சுகம் என்று எண்ணிவிடக்கூடாது. குருதிக்கலன்களிலிருந்து திரவவிழையம் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், உரிய அளவில் கொடுக்கவேண்டும். அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றைத் தவிர்க்கவேண்டும். மூன்றாம் நாளிலேனும் முழுக் குருதிப் பரிசோதனை செய்வது நல்லது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, குருதிக் கசிவு, சோர்வு மயக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

தங்கைகளே, பெல்லெகிரினி ஆராய்ந்தது செய்தி கிடைக்காத கலங்களை. மற்றவர்கள் கழிவென்று ஒதுக்கிவிடக்கூடியவற்றில் அவர் விடையைத் தேடினார். உங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனை எதிர்பார்த்த விளைவைத் தராதபோது, அந்தக் குழாயைக் கழுவி வைக்குமுன் ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியபோதும் அப்படியே. "சுகமாகிவிட்டது, தூங்கட்டும்" என்று விட்டுவிடாமல், அவள் தண்ணீர் குடித்தாளா, சிறுநீர் கழித்தாளா என்று உம்மாவிடம் கேளுங்கள். படித்த பிள்ளை கேட்கும் அந்த இரண்டு கேள்விகள் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும்.