பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்ப்பது? எதைக் கேட்பது?



வங்கிக்குப் போனால் மேலாளர் யார், கணக்குப் பார்ப்பவர் யார் என்று இன்று நம் எல்லோருக்கும் தெரியும். கடன் விண்ணப்பத்தோடு என்னென்ன நகல் வைக்கணும் என்பதும் அத்துப்படி. ஆனால் நம் பிள்ளை தினமும் போகிற உயர்நிலைப் பள்ளியில் யார் யார் இருக்கிறார்கள், எந்த உதவியை யாரிடம் கேட்கணும் என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

நடந்த ஒரு சம்பவம்

நான் பார்க்கும் கிராமங்களில் ஒன்றில், குழு உறுப்பினர் ஒருவரின் கணவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார். காரியச் செலவுக்குக் குழுவில் உள்கடன் கொடுத்தோம். ஆறுதலும் சொன்னோம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு படித்த அவருடைய மகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் அந்தப் பெண் நூல் மில்லுக்குப் போவது தெரிந்தது.

"பள்ளியில சொன்னீங்களா?" என்றேன். "சார்கிட்ட போய் என்னன்னு சொல்றது மேடம்? நான் கையெழுத்துப் போடவே குழுவுலதானே கத்துக்கிட்டேன்" என்றார்.

மறுநாள் அவரும் ஊக்குநரும் நானும் பள்ளிக்குப் போனோம். வகுப்பாசிரியைக்கு அப்பா இறந்த விஷயமே தெரியாது. பிள்ளை வெளியூர் போய்விட்டதாக யாரோ சொன்னதை நம்பியிருந்தார். தலைமையாசிரியர் உடனே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கிப்போனாலோ, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு ரூ.75,000 வைப்புத்தொகையாக வழங்கும் திட்டம் அது. அந்த வட்டி படிப்புச் செலவுக்கு உதவும். நாலு மாதமாக அதை நமக்குச் சொல்ல ஆள் இல்லை. பள்ளிக்கோ, இப்படி ஒரு வீடு இருப்பதே தெரியவில்லை.

பிள்ளை மறுபடி பள்ளிக்கு வந்துவிட்டாள். விட்டுப்போன நாலு மாதக் கணக்குப் பாடம்தான் அவளை ரொம்ப நாள் அழ வைத்தது.

யார் என்ன செய்கிறார்கள்?

உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்பு வரை. பன்னிரண்டு வரை இருந்தால் மேல்நிலைப் பள்ளி. சின்ன உயர்நிலைப் பள்ளியில் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருந்தாலே பெரிது. கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போய் இடம் காலியாக இருந்தால், எல்லா வகுப்புக்கும் கணக்கு நின்றுபோகும். அதனால் பிள்ளையிடம் "என்ன மார்க்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தப் பாடத்துக்கு டீச்சர் இல்லை?" என்றும் கேளுங்கள்.

* வகுப்பாசிரியர்: வருகைப் பதிவு இவரிடம்தான். வீட்டில் சாவு, நோய், வேலை தேடி வெளியூர் போவது, எதுவானாலும் முதலில் இவரிடம் சொல்லணும்.
* தலைமையாசிரியர்: உதவித்தொகை விண்ணப்பம், சான்றிதழ், புகார் எல்லாம் இவர் வழியாகத்தான்.
* உடற்கல்வி ஆசிரியர்: விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர். பெண்பிள்ளை ஓடினால் தடுக்காதீர்கள்.
* சத்துணவு அமைப்பாளர்: மதிய உணவும் முட்டையும் பத்தாம் வகுப்பு வரை உண்டு. பெரிய பெண் வரிசையில் நிற்பதா என்று வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.
* சிறப்பாசிரியர்: மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வருகிறவர். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகள் உண்டு. தேர்வு நெருங்கும்போது ஓடாமல், மருத்துவச் சான்றை முன்கூட்டியே வாங்கித் தரணும்.

தவறவிடக் கூடாத உதவிகள்

பாடப்புத்தகம், பஸ் பாஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது தேர்வு எழுதிப் பெறும் உதவித்தொகைதான். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு வருகிறது. பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.3,50,000க்குள் இருக்கணும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று இன்னொன்று உண்டு. இவற்றுக்கு வருமானச் சான்று வேண்டும். கடைசி வாரத்தில் அலைந்தால் கிடைக்காது. பிள்ளை எட்டாம் வகுப்பில் சேர்ந்ததுமே வாங்கி வையுங்கள்.

வளரிளம் பெண்களுக்குப் பள்ளியில் நாப்கினும் வாரம் ஓர் இரும்புச்சத்து மாத்திரையும் தருகிறார்கள். மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் இதையும் யோசியுங்கள்.

மனக்கஷ்டமும் ஓர் உதவி கேட்கும் விஷயம்தான்

பெரும்பாலான சின்னப் பள்ளிகளில் தனியாக ஓர் ஆலோசகர் கிடையாது. பிள்ளை பேசாமல் இருந்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், "திமிரு" என்று அடிக்காதீர்கள். படிப்புச் சந்தேகம், தேர்வு பயம், மனக்குழப்பத்துக்கு 14417 என்ற எண்ணில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம் இருக்கிறது. யாராவது தொல்லை கொடுத்தாலோ, 18 வயதுக்குள் கல்யாணப் பேச்சு எடுத்தாலோ 1098. பிள்ளையே பேசலாம். இரண்டு எண்ணையும் பிள்ளையின் நோட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.

நாமும் உள்ளே உட்காரலாம்

பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கணக்கு ஆசிரியர் இல்லை என்று தனியாகப் போய்ச் சொன்னால் அது புகார். கூட்டத்தில் பேசி, தீர்மானமாக எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அது கோரிக்கை. நம் குழுவில் நாம் வாராவாரம் செய்வதுதானே இது?

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் 6 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? நடுவில் நின்றவர்கள் யார்?
2. பிள்ளையின் வகுப்பாசிரியர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?
3. நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்கள் யார்?

பேசி முடித்து ஒரு தீர்மானம் எழுதுங்கள்: ஓர் உறுப்பினர் வீட்டில் சாவோ, பெரிய நோயோ வந்தால், கடன் கொடுக்கும் அதே வாரம் இரண்டு பேர் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் சொல்லணும்.

அன்றைக்கு நாம் இதைச் செய்திருந்தால், அந்தப் பெண் மில் பஸ் ஏறியிருக்க மாட்டாள்.