கடைப் படங்களுக்கு எந்தக் கோப்பு?

கேள்வி: பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறோம். எங்கள் இணையத்தளம் கைபேசியில் திறக்க நேரமெடுக்கிறது. படங்களை எந்த வகைக் கோப்பாகப் போடுவது?
– வாசகர், மாளிகாவத்தை

பதில்: முதலில் அளவைக் குறையுங்கள். 4000 பிக்சல் அகலப் படத்தை அதே வடிவில் 1000 ஆக்கினால், மொத்தப் பிக்சல்கள் 16இல் ஒரு பங்காகிவிடும்.

பிறகுதான் வகை. உதிரிப்பாகப் புகைப்படங்களுக்கு ஜேபெக் நல்லது. கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துக் கோப்பைச் சிறிதாக்கும். கூகுள் 2010இல் அறிமுகப்படுத்திய வெப்பி பெரும்பாலும் அதைவிடச் சிறிதாகும். இன்றைய முக்கிய உலாவிகள் அனைத்தும் அதைக் காட்டும்.

விலைப்பட்டியலை அதிகம் சுருக்கிய ஜேபெக்கில் போட்டால் எழுத்தோரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும், அதற்குப் பிஎன்ஜி. கடைச் சின்னத்துக்கு எஸ்விஜி. எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

மூலப்படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் தேயும்.