டாம்கேட் வழங்கி எழாதபோது செய்யத்தக்கன

ஜாவா சர்வ்லெட் பயிலும் மாணாக்கர்க்கு டாம்கேட் வழங்கியின் துணை வேண்டற்பாலது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் தொடங்கிய இவ்வழங்கி, 1999-ஆம் ஆண்டில் அப்பாச்சி அமைப்பினர்க்கு அளிக்கப்பட்டு, யாவர்க்கும் விலையின்றிக் கிடைத்து வருகின்றது. ஆயினும், செய்முறைத் தேர்வன்று இஃது எழாதாயின், பிழையற்ற நிரலும் பயன்படாது. அவ்வேளையில் பலர் நிரலையே மாற்றி மாற்றிப் பொழுதிழக்கின்றனர். அவ்விடரைத் தவிர்க்கும் முறையை ஈண்டுக் கூறுவோம்.

முதற்கண், வழங்கி எழுந்ததா என்று காண்போம். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 8080 என்னும் முகவரியில் டாம்கேட்டின் முகப்புத் தோன்றுமாயின், குற்றம் வழங்கியினது அன்று, நம்முடையதே. தோன்றாவிடின், பெரும்பாலும் காரணம் இரண்டனுள் ஒன்று. ஜாவா ஹோம் என்னும் சூழல்மாறி ஜாவா நிறுவிய கோப்புறையைக் காட்டாமல், அதனுள் உள்ள ‘பின்’ என்னும் உட்கோப்புறையைக் காட்டுதல் ஒன்று. 8080 என்னும் வாயிலை வேறொரு நிரல் முன்னரே பற்றியிருத்தல் மற்றொன்று. ஆரக்கிள் எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகள் இவ்வாயிலையே கொள்வன. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் ஒரு தடத்தில் இரு வண்டிகள் ஒருங்கே நுழைதல் கூடுமோ? நெட்ஸ்டாட் கட்டளையால் அந்நிரலை அறிந்து நிறுத்துதல் வேண்டும்; அன்றேல் சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பில் வாயிலெண்ணை 8081 என மாற்றி, வழங்கியை மீண்டும் எழுப்புதல் வேண்டும்.

அடுத்தது 404 என்னும் பிழை. சென்னையினின்று வரும் பெருஞ்சாலை விக்கிரவாண்டியில் கும்பகோணம் நோக்கியும் விழுப்புரம் நோக்கியும் பிரிகின்றது. பிரிவைத் தவறவிட்டவன் கும்பகோணமே இல்லை என்பது தகாது. அங்ஙனமே, 404 என்பது நாம் கேட்ட முகவரிக்கு வழி வகுக்கப்படவில்லை என்பதையே குறிக்கும். வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிய முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறெனக் கொள்ளப்படும். தொகுத்த கிளாஸ் கோப்பு, வெப்-இன்ஃப் கோப்புறையின் கிளாசஸ் என்னும் உட்பகுதியில் உளதா எனவும் காண்க.

பழைய நூல்களைப் பின்பற்றுவோர்க்கு மற்றோர் இடர் உண்டு. டாம்கேட் 9 வரை ‘ஜாவாஎக்ஸ்’ எனத் தொடங்கிய சர்வ்லெட் தொகுதிப் பெயர், 10 முதல் ‘ஜகார்த்தா’ என மாறிற்று. பழம்பெயரால் எழுதிய சர்வ்லெட்டைப் புதிய வழங்கி ஏலாது.

இவற்றிற்கெல்லாம் சான்று லாக்ஸ் கோப்புறையில் உள்ளது. பிழைவரிகள் பலவாயினும், ‘இதனால் விளைந்தது’ என்னும் பொருளில் தொடங்கும் இறுதி வரியே மூலகாரணத்தை உரைக்கும். அதனைப் படித்து, ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றிச் சோதிப்போமாக. பலவற்றை ஒருங்கே மாற்றுவோர்க்கு வழங்கி எழினும், எதனால் எழுந்ததென்பது விளங்காது. மறுநாள் அதே பிழை வருங்கால் மீண்டும் திகைப்பர்.