மலை மண்ணை மூட்டை கட்டாதீங்க

இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வரும் நண்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "ஜீவாமிர்தத்துக்குக் காட்டு மண் நல்லதாமே, சேர்வராயன் மலையில ரெண்டு மூட்டை அள்ளிட்டு வரலாங்களா?" வேண்டாங்க. முதல் வருசம் நானும் அப்படி நினைச்சவன்தான்.

ஓமலூரில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற மலை அது. அடிவாரத்தில் உசிலும் முள் மரங்களும், சரிவில் வேங்கை, சந்தனம், மூங்கில், உச்சிப் பக்கம் சோலை, காபித் தோட்டம். சரிவுகளில் பல பகுதிகள் 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்கீழ் காப்புக்காடு. அங்கே அனுமதியில்லாமல் மேல்மண், இலை எதை எடுத்தாலும் குற்றம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். நம்ம கிணத்துக் கணக்கைப் பாருங்க. சரிவில் உள்ள மரங்கள் கோடையில் இலை உதிர்க்கின்றன. அந்தச் சருகு மெத்தைக்குக் கீழே கரையானும் மண்புழுவும் பூஞ்சாணமும் வேலை செய்து மண்ணைத் துளைத்து வைக்கின்றன. மழைத்துளி மண்ணை நேராக அடிப்பதில்லை. சருகில் விழுந்து, மெதுவாக இறங்கி, பாறை இடுக்குகளில் தங்குகிறது. பிறகு ஊற்றாகக் கசிந்து ஓடையாகிறது. அப்படி இறங்கி வரும் கிழக்கு, மேற்குச் சரபங்கா இரண்டும் ஓமலூரில் சேர்ந்து, இடைப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. வழியில் ஏரிகள், ஏரியை நம்பிக் கிணறுகள்.

சருகை வழித்தெடுத்தால் மண் மேலே இறுகிப்போகும். பெய்கிற மழை ஒரே மூச்சில் சேறாக ஓடி ஏரியில் வண்டலாகப் படியும். தை, மாசியில் ஓடை வறண்டுவிடும். கோடையில் யாரோ போடும் பீடித் துண்டு பற்றினாலும் இதே கதைதான்.

200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்குத் தேவை ஒரு கைப்பிடி மண். நுண்ணுயிரில் பெரும்பகுதி அந்த 10 கிலோ சாணத்திலேயே வந்துவிடுகிறது. ரசாயனம் படாத நம்ம வரப்பு மண், புங்கன் அடி மண் போதும். மலை நிழலில் வளர்ந்த உயிரைவிட நம்ம செம்மண் சூட்டுக்குப் பழகிய உயிர்தான் இங்கே நிற்கும் என்பது என் எண்ணம்.

வரப்பு மண்ணும் கெட்டுப்போச்சு என்பவர்கள், தோட்டத்தில் இரண்டு சென்ட் ஒதுக்கி உசில், புங்கன், வாகை நடுங்க. சருகைக் கூட்டாதீங்க, கொளுத்தாதீங்க. மூணாவது ஆடியில் அந்தச் சருகை விலக்கி மண்ணை மோந்து பாருங்க.