முதல் வீடியோ எடுப்பதற்கு முன்

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை திருவானைக்காவல் கடைவீதியில் பார்த்தபோது, ஆசிரியர் வேலை கிடைத்த கையோடு யூடியூப் சேனலும் தொடங்கப்போவதாகச் சொன்னாய். எட்டாம் வகுப்பு அறிவியல் முழுவதையும் பாடம் பாடமாகப் பதிவு செய்யப்போகிறேன், என்ன சொல்கிறீர்கள் சார் என்று கேட்டாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது. உன்னைப் போல இந்த ஆண்டு வகுப்பறைக்குள் நுழைகிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

சேனல் தொடங்கு. ஆனால் அதில் யார் பேசப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்.

பாடம் நடத்தும் வீடியோவுக்கு இன்று பஞ்சமே இல்லை. 2018இல் வந்த தமிழக அரசின் புதிய பாடப்புத்தகங்களிலேயே கியூஆர் கோடு இருந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது இவையெல்லாம் கைகொடுத்தன. ஆனால் அந்த நாட்களில் என் வகுப்புப் பையன் ஒருவனின் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே போன். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் அது அவன் கைக்கு வரும். பகலெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்த பாடங்களை ராத்திரி உட்கார்ந்து திறந்து பார்ப்பான். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அப்படியே போனது. அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்கத்தான் முடியாதே! அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று குரூப்பைப் பூட்டி வைத்திருந்தோம். பூட்டியவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு நம் திருவானைக்காவலிலேயே உதாரணம் உண்டு. இங்கே பிறந்தவர் சர் சி.வி. ராமன், 1888 நவம்பர் 7. சிறு வயதிலேயே குடும்பம் விசாகப்பட்டினம் போய்விட்டதால் அவர் இங்கே படிக்கவில்லை. 1921இல் கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று இயற்பியலாளர் ரேலே சொல்லியிருந்தார். கையிலிருந்த சின்னப் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை மட்டுப்படுத்திவிட்டுப் பார்த்தார் ராமன். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அவர் திரும்பி வந்த நார்குண்டா கப்பல் பம்பாய் துறைமுகத்துக்கு வந்தபோது, நேச்சர் இதழுக்கு அவர் எழுதிய கடிதமும் தயாராக இருந்தது. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற அந்த எண்ணம்தான் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கண்டறிவது வரை அவரை இழுத்துச் சென்றது. கண்ணில் பட்டதைக் கேள்வியாக்கி, சோதித்து, தெரிந்தவர்களுக்கு எழுதுவது என்ற அந்த மூன்று வேலைகளில் கடைசி ஒன்றை இணையம் இன்று எந்தப் பிள்ளைக்கும் எளிதாக்கியிருக்கிறது. முதல் இரண்டை நீதான் பழக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டுப் பால் விடு. அறையை இருட்டாக்கிவிட்டு, போன் டார்ச்சை டம்ளரின் பக்கத்தில் வைத்து அடி. பக்கவாட்டில் பார்த்தால் லேசாக நீலம் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் மஞ்சளாக வரும், பால் கூடக் கூடச் செம்மஞ்சள் ஆகும். இதை நீ செய்து காட்டினால் அது ஒரு நிமிட வீடியோ. பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளை வீட்டில் செய்யச் சொன்னபோது என்னிடம் ஒரு பெண் கேட்டாள்: "சார், ஆத்துல புதுத்தண்ணி வர்றப்ப ஏன் பழுப்பா இருக்கு? அதுலயும் துகள்தானே இருக்கு?" அந்த ஆண்டு முழுவதும் நான் நடத்திய பாடங்களைவிட அந்தக் கேள்வி பெரியது. வண்டல் துகள் எவ்வளவு பெரியது, மண் எந்த நிறத்தை விழுங்குகிறது என்று அதிலிருந்து எவ்வளவோ கிளம்பும். காவிரியில் அம்மா மண்டபத்தில் ஒரு பாட்டில், கொள்ளிடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கட்டும். ராமேஸ்வரத்துப் பள்ளி ஒன்றோடு பேசி, அவர்கள் கடல்நீரில் அதே டார்ச்சை அடித்து அனுப்பட்டும். இரண்டு வகுப்பறைகள் ஒரே கேள்விக்கு விடை தேடுவதைத்தான் இணையம் தரும் மாற்றம் என்பேன்.

நம் கோயிலின் அப்புலிங்கச் சன்னதியில் நீர் ஊறுவதைப் பார்த்தே வளர்கிற பிள்ளைகள் இவர்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் தெருக் கிணறுகளில் எவ்வளவு ஏறுகிறது என்று வாரம் ஒருமுறை கயிறு விட்டு அளக்கச் சொல். அளந்ததை நல்ல தமிழில் எழுதி இணையத்தில் போடட்டும். தமிழ் விக்கிப்பீடியா 2003இலிருந்து இருக்கிறது. நம் தெருக்களையும் குளங்களையும் பற்றிப் பிள்ளைகள் தேடிப் படித்து எழுத அங்கே இடம் உண்டு.

போன் இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் ஒரு கேள்வி நோட்டு வை. அவன் கேள்வியை உன் போனிலிருந்து நீ அனுப்பு. முகங்களைப் போடாதே, கையும் குரலும் டம்ளரும் போதும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பார்வை எண்ணிக்கையைப் பிள்ளைகள் எதிரில் பேசவே பேசாதே.

மேட்டூர் அணை திறந்து, புதுத்தண்ணீர் முக்கொம்பு தாண்டி வருவதற்குள் பாட்டில்களைச் சேர்த்து வை. முதல் வீடியோவில் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கேள்வி கேட்கட்டும். எனக்கும் அனுப்பு தம்பி, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அறிவியல் ஆசிரியர்