ஒற்றை ஆளுக்கு ஒரு படகு

கேள்வி: ஏற்காடு ஏரியில் சொந்தப் படகு இறக்கி, தனியாக முகாம் போட ஆசை. படகில் என்னென்ன வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: அந்த ஏரி மிதிபடகுக்குத்தான் சரி, மலையிறங்கி மேட்டூர் போங்கள். 1934-இல் முடிந்த அணையின் நீர்த்தேக்கத்தில் மீனவர்கள் ஓட்டும் பரிசலைப் பாருங்கள். மூங்கில் பின்னல், அடியில் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கு. ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிவிடலாம். இரவு கரையில் கவிழ்த்து, ஒரு விளிம்புக்குத் துடுப்பை முட்டுக் கொடுத்தால் அதுவே கூரை. கூடாரச் செலவு மிச்சம்!

மூட்டையை நடுவில் கட்டுங்கள். ஓரத்தில் வைத்தால் சாயும். வட்டப் படகு சுற்றத்தான் பார்க்கும். முன்விளிம்பில் குந்தி, துடுப்பை உங்கள் பக்கம் இழுத்துப் பழகுங்கள். தீப்பெட்டியும் அரிசியும் இறுக மூடிய டப்பாவில். தண்ணீர் இறைக்க ஒரு சொம்பு. உயிர்காப்பு உடையைக் கழற்றவே வேண்டாம். நீர்வளத் துறை, வனத் துறை அனுமதியை முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.